அறிவிப்புக்குப் பின் ஒரு வரி

மைக்கின் பொத்தானை அழுத்துவதற்கு முன் தோங்பில் வெதுவெதுப்பான பார்லித் தண்ணீரை ஒரு வாய் எடுத்துக்கொண்டு, விழுங்காமல் சிறிது நேரம் கன்னத்தில் வைத்திருப்பார். அது உள்ளே போன பிறகுதான் அடுத்த வேலை. சட்டைப் பையில் இருக்கும் குறடு மேசையில் இடித்துச் சத்தம் போடக் கூடாது என்று அதை எடுத்து ஓரமாக வைப்பார். மணி நான்கு முறை ஒலிக்கும். “மேலாண்மை அலுவலகத்துல இருந்து சொல்றனுங்க” என்று அவருடைய இழுத்த குரல் அந்தக் கொரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் எல்லா வீட்டுக் கூடங்களிலும் கடைகளிலும் ஒரே சமயத்தில் வந்து இறங்கும். ஒலிபெருக்கி கூரையிலேயே பதிந்திருக்கிறது. குறைக்கவோ நிறுத்தவோ வீட்டில் இருப்பவர்களுக்கு வழியில்லை. அதன் வாயில் பழைய காலுறையை அடைத்து வைத்திருப்பவர்களும் உண்டு.

“நாளைக்குக் காலையில லிப்ட் பார்க்க ஆளு வர்றாங்க. மத்தியானம் வரைக்கும் ஓடாதுங்க. படியேறிப் போறவங்க ஆறாவது மாடியில ஒரு நிமிசம் நின்னு போங்க. அந்த ஜன்னல்ல இருந்து மட்டுந்தான் மலை முழுசாத் தெரியுது.”

லிப்டைப் பற்றிய பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது. மலையைப் பற்றியது அவருடையது.

குடியிருப்பின் கடை வரிசையில் அவருடைய அக்கா மல்சுன் ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கிறார். கால்சட்டையின் நீளத்தை மூன்று முறை அளந்த பிறகே கத்தரியைக் கையில் எடுக்கிற பெண்மணி. மணி ஒலித்ததும் தையல் மிதியிலிருந்து அவருடைய கால் தானாக எடுபட்டுவிடும். எதிரே நிற்கும் வாடிக்கையாளர் ஏன் என்று கேட்டால், “நூல் அறுந்துபோச்சு” என்பார். அறிவிப்பு முடியும் வரை அறாத நூலை ஊசிக் காதில் கோத்துக்கொண்டிருப்பார்.

தோங்பில்லுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. இளமை முழுவதும் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் கழிந்தது. அங்கே இயந்திர இரைச்சலில் பேச்சுக்கு வேலையில்லை, கைச்சாடையே போதும். அது அவருக்கு மிகவும் பொருந்தியது. சிறுவயதில் கடைக்கு அனுப்பினால் என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் கடைக்காரர் முகத்தைப் பார்த்தபடியே நிற்பார். அக்கா பின்னாலேயே ஓடிப்போய், “டோஃபு ரெண்டு கேக்குறான்” என்று சொல்லி வாங்கி வருவார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான். காப்பி ஆறி ஆடை கட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, “இந்தத் தரை வாசல் பக்கமா லேசா சரியுதுங்க” என்றார். அந்தப் பெண் அதோடு எழுந்து போய்விட்டார். தரை சரிந்துதான் இருந்தது என்று அக்கா இன்றும் சொல்வார்.

தொழிற்சாலையை மூடிய பிறகு இந்தக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை கிடைத்தது. பல்பு மாற்றுவார், அடைத்த குழாயைக் குத்தி விடுவார், குப்பை பிரிக்கும் நாளில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். போன வசந்தத்தில், அறிவிப்புப் படிக்கும் எழுத்தர் பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மேலாளர் காகிதத்தைத் தோங்பில்லின் கையில் திணித்தார். தோங்பில் தொலைக்காட்சிச் செய்தியாளரைப் போல் குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி கழுவும் செய்தியைப் படித்தார்.

அன்று சாப்பாட்டு வேளையில் அக்கா கேட்டார்: “யாரு அது? நாட்டுல பெரிய தலைவர் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சு ஊசியை வெரல்ல குத்திக்கிட்டேன். தொட்டி கழுவறதுக்கு எதுக்குடா அந்தக் குரலு?”

“அப்படித்தானக்கா படிப்பாங்க.”

“அவங்க படிப்பாங்க. உனக்கு என்ன வந்துது?”

தோங்பில் வறுத்த நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். அடுத்த நாள் மாலை அதே செய்தியை மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. இம்முறை சொந்த ஊர்ப் பேச்சில், அவசரமில்லாமல் படித்தார். காகிதம் முடிந்தது. பொத்தானிலிருந்து விரல் மட்டும் எழவில்லை. ஒரு பெருமூச்சு எல்லா வீட்டிலும் கேட்டது. “குழாயில தண்ணி இல்லாட்டியும் ஓடையில இருக்குதுங்க. வாத்து குஞ்சு பொரிச்சிருக்குது. சும்மாதான இருப்பீங்க, போய்ப் பார்த்துட்டு வாங்க.”

தொட்டி கழுவிய நாளன்று ஓடைக்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எழுத்தர் பெண்ணின் தொண்டை சரியான பிறகும் மைக் தோங்பில்லிடமே தங்கிவிட்டது.

அந்த ஒரு வரிக்காக அவர் படும் பாடு அக்காவுக்கு மட்டுமே தெரியும். காலையில் இலைகளைக் கூட்டிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பார். பிடித்ததைப் பிற்பகலில் கடைக்கு வந்து சொல்லிப் பார்ப்பார். சொன்ன கையோடு அவரே தள்ளிவிடுவதும் உண்டு. ஒருமுறை, “பனி வெள்ளைப் போர்வை போத்தின மாதிரி” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“ஏன், நல்லாத்தான இருக்கு?” என்றார் அக்கா.

“போர்வைய எல்லாரும் போத்தியாச்சுக்கா. கிழிஞ்சு போச்சு.”

மேலும் இரண்டு சுற்று கூட்டிவிட்டு வந்து அன்று மாலை மைக்கில் சொன்னது: “மொதப் பனி விழுந்திருக்குதுங்க, வழுக்கும், பார்த்து நடங்க. வாசல்ல பாருங்க, மேக்பை பறவை நடந்த தடம் நேராப் போகுது. நம்ம தடந்தான் கோணல்.” கடையில் கோட்டுக்கு ஜிப் மாற்ற வந்திருந்த மனிதர் வெளியே போய்த் தன் காலடித் தடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தார். மல்சுன் தலையைத் தூக்கவில்லை. ஆனால் அன்று ஜிப் மாற்றக் கூலி வாங்க மறந்துபோனார்.

தோங்பில்லின் பேச்சில் ஒரு கோளாறு உண்டு. அந்த வட்டாரத்துக்காரர்கள் எல்லோருக்கும் இருப்பதுதான். எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். “கதவைச் சாத்து” என்பதற்குப் பதிலாக, “வெளியில இருக்கறவங்களுக்கும் சூடு வேணும்னு நெனச்சியா” என்பார்கள். கேட்பவர்களும் அதே ஊர் என்பதால், யாரைச் சொன்னாலும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். பூண்டும் மிளகாயும் சேர்த்துக் கிம்ச்சி ஊறுகாய் போடும் காலத்தில் அது வினையாக முடிந்தது.

நூற்றிரண்டாம் பிளாக்கில் யாரோ பூண்டு இடிக்கும் சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்தது. அமைதி காக்கச் சொல்லி மேலாளர் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டுத் தோங்பில் சேர்த்துக்கொண்டார்: “யாரு இடிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. வாசனை படிக்கட்டு முழுக்க இருக்குது. நல்ல பூண்டு. கீழ் வீட்டுக்காரங்க கொஞ்சம் பொறுத்துக்கிட்டா, ஒரு தட்டு எறங்கி வந்தாலும் வருங்க.”

அந்த நேரத்தில் அந்த பிளாக்கில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த வரிசையில் பூண்டு இடிக்காத வீடே இல்லை. ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மாடிக்கு மாடி தட்டுகள் இறங்கின. வாங்கியவர்கள், நாமும் இடித்தோமே என்று வெட்கப்பட்டுத் தங்கள் தட்டைக் கீழே அனுப்பினார்கள். தரைத்தளத்துக்குக் கீழே வீடு ஏது? எல்லாம் அங்கே போய் நின்றன. அந்த வீட்டில் இருந்தவர் தலைநகர் சியோலிலிருந்து புதிதாகக் குடிவந்த இளம்பெண். தாவோன் என்ற கைக்குழந்தையின் அம்மா. காலையிலிருந்து அழுது ஓய்ந்து அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையை முதலில் கூரைக் குரல் எழுப்பியது. பிறகு அழைப்பு மணி, மறுபடியும் அழைப்பு மணி. கதவைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் சிரித்த முகமும் சிவந்த கிம்ச்சியும்.

மறுநாள் அவர் மேலாளரிடம் வந்து நின்றார். “எனக்கு கிம்ச்சியும் வேணாம், கவிதையும் வேணாம். தண்ணி வராதுன்னா வராதுன்னு சொல்லுங்க. அதுக்குத்தான அந்த ஒலிபெருக்கி?”

கேட்டதில் பிழையில்லை. அடுத்த குடியிருப்பில் கணினியே அறிவிப்புப் படிக்கிறது, எழுதியதற்கு மேல் ஒரு சொல் பேசாது. அதை இங்கும் கொண்டுவருவதா என்று முடிவு செய்யக் குடியிருப்போர் கூட்டம் கூட்டப்பட்டது.

கூட்டத்துக்கு முதல் நாள் தோங்பில் கடையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அக்கா பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

“வேலை போகப் போறதில்லைல்ல? பல்பு, குழாய் எல்லாம் நீதான பார்க்கப் போற. அப்பறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? விட்டுத் தள்ளு.”

“விட்டுடலாந்தான்க்கா.” டப்பாவிலிருந்து ஒரு பட்டனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “ஆனா ஏதாச்சும் கண்ணுல பட்டா, அப்பறம் அதை எங்க கொண்டுபோய் வெக்கறது?”

மல்சுன் தைத்த பட்டனைப் பிரித்துவிட்டு மறுபடியும் தைத்தார்.

அலுவலகத்தின் மாடியில் மாலை ஆறரைக்குக் கூட்டம். நீள மேசை, தட்டு நிறைய ஆரஞ்சு, காகிதக் கோப்பைகளில் காப்பி. குடியிருப்போர் சங்கத் தலைவரின் பெயர் கூ, அஞ்சலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தாவோனின் அம்மா குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தோங்பில் கதவோரமாக நின்றார்.

“நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்றார் தலைவர்.

தோங்பில் ஆரஞ்சுத் தட்டைப் பார்த்தார். எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது. யாரோ காப்பியை உறிஞ்சினார்கள். மல்சுன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். டோஃபு ரெண்டு கேக்குறான் என்பதைப் போல ஏதோ ஒன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தம்பி அவரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு நிமிசங்க” என்று சொல்லிவிட்டுத் தோங்பில் வெளியே போனார்.

“ஓடிட்டாரா?” என்றார் ஒருவர். மல்சுன் தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தலைக்கு மேல் மணி நான்கு முறை ஒலித்தது. அந்த அறையில் மட்டுமல்ல, குடியிருப்பு முழுவதும்.

“மேலாண்மை அலுவலகத்துல இருந்து சொல்றனுங்க.” குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. “மாடியில என்னையப் பத்திக் கூட்டம் நடக்குதுங்க. பேசச் சொன்னாங்க. மூஞ்சியப் பார்த்தா எனக்கு வார்த்தை வராது. இங்க மைக்கும் தீயணைக்கற வாளியுந்தான் இருக்குது, அதான் இங்க வந்துட்டேன். கீழ் வீட்டுக் குழந்தைய நான் எழுப்பிட்டேன். அது தப்புதாங்க. அந்தம்மா சொன்னது சரி. நான் பேசறது கவிதை எல்லாம் இல்லைங்க. ரொம்ப நாளா எதையும் யாருகிட்டயும் சொல்லாம இருந்துட்டேன். இப்ப சொல்லிப் பழகிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வரி போதுங்க. வேணாம்னா நிறுத்திக்கறேன். இன்னிக்குக் கூட, குப்பை மேடைக்குப் பின்னாடி...”

குழந்தை விழித்துக்கொண்டது. மூச்சைப் பிடித்து வீறிட்ட அழுகை சுவரைத் தாண்டி மைக் இருந்த சின்ன அறைக்கும் போயிருக்க வேண்டும்.

“அடடா” என்றது கூரை. “மறுபடியும் எழுப்பிட்டனா. முடிச்சுக்கறனுங்க.”

முதலில் சிரித்தவர் யாரென்று தெரியவில்லை. தலைவர் வாயில் இருந்த காப்பியைக் கைக்குட்டையில் துப்பினார். தாவோனின் அம்மா குழந்தையைக் குலுக்கிக்கொண்டே உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார்.

தோங்பில் திரும்பி வந்து அதே கதவோரத்தில் நின்றார்.

“மத்தியானம் ஒண்ணுலருந்து மூணு வரைக்கும் குழந்தை தூங்கற நேரம்” என்றார் தாவோனின் அம்மா. “அப்ப கட்டடமே தீப்பிடிச்சாலும் நீங்க வாயத் திறக்கக் கூடாது.”

“தீப்பிடிச்சா சொல்லலாம்” என்றார் தலைவர். “மத்த நேரம் ஒரு வரி. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” ஒரு கையும் உயரவில்லை. ஆட்கள் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார்கள்.

தாவோனின் அம்மா மட்டும் உட்காரவில்லை. அழுகை ஓய்ந்த குழந்தையின் முதுகைத் தட்டியபடி தோங்பில்லைப் பார்த்தார்.

“குப்பை மேடைக்குப் பின்னாடி என்ன? பாதியில நிறுத்திட்டீங்களே.”

தோங்பில்லின் கழுத்தில் மறுபடியும் சிவப்பு ஏறியது. மைக் இருக்கும் அறையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மல்சுன் இம்முறை எழவில்லை. தோங்பில் மேசையின் கீழிருந்து ஒரு நாற்காலியை இழுத்தார். தாவோனின் அம்மாவுக்கு நேர் எதிரே, முகம் பார்க்கும்படி அதைப் போட்டு உட்கார்ந்தார்.