உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் பெருமாள் கடை

என் அக்கா பாஞ்சாலி செத்த மூன்றாம் நாள், அவள் புருஷனுக்குச் சேதி சொல்ல நான் தோணியில் போனேன். எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். உத்திரமேரூரில் பஸ் ஏறி, மதுராந்தகத்தில் மாறி, அப்புறம் நடந்து உப்பங்கழிக் கரைக்கு வந்தபோது உச்சிப்பொழுது. அந்தப் பக்கத்துத் துறைக்கு ரோடு கிடையாது. தந்தியும் போகாது. தோணிக்காரர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே, யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டார். பெருமாள் கடைக்கு என்றேன். எனக்கு அழுகை வரவில்லை.

பெருமாள் மாமாவுக்கு எங்களைப் போலவே ஊரில் ஒரு குழி நிலம் கிடையாது. கலியாணமான மறு வருஷம் அந்தத் துறைக்கு உப்பு மூட்டை ஏற்றப் போனார். மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்தது. பாரம் தூக்க முடியாமல் போன பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. ஒரு கள்ளிப்பெட்டியில் பீடியும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு புளி, மிளகாய், மண்ணெண்ணெய், தூண்டில் முள், வலைநூல் என்று சேர்ந்து, பத்தொன்பது வருஷத்தில் அந்தக் குப்பத்துக்கே ஒரே கடையாகிவிட்டது. அக்காவைப் பலமுறை கூப்பிட்டார். கரிப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவள் போகவே இல்லை. பிள்ளையும் இல்லை. பொங்கலுக்கும் ஆடிக்கும் கருவாட்டு மூட்டையோடு வருவார். நாலு நாள் இருந்துவிட்டுப் போவார்.

நான் போனபோது மாமா ஒரு செம்படவப் பெண்ணுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா வேதகிரி, நீ எங்க இவ்ளோ தூரம்?"

"மாமா, அக்கா போயிட்ச்சி."

பாட்டில் நிறையும் வரை அவர் கை ஊற்றிக்கொண்டே இருந்தது. தக்கையைத் திருகி மூடினார்.

"எப்போ?"

"முந்தாநேத்து. அறுப்புல நெஞ்சு வலிக்குதுன்னு குந்திச்சி. அப்டியே சாஞ்சிடுச்சி."

"எடுத்துட்டீங்களா?"

"வெயிலு மாமா. வெக்க முடியல."

அவர் தலையை ஆட்டினார். பாட்டிலை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. சொக்கம்மாள் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். "பாஞ்சாலியா?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றதும் அப்படியே மணலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு மீன் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். பத்துப் பெண்களுக்குமேல் கடை வாசலில் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

அவர்களில் ஒருத்திகூட அக்காவைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவளுடைய இடது புருவத்துத் தழும்பு, ஏரியில் முழுகப் போய் மூக்குத்தியைத் தொலைத்தது, பூனையைக் கண்டால் பயப்படுவது எல்லாம் அந்த ஒப்பாரியில் வந்தன. மூக்குத்தி தொலைந்த கதை எனக்கே தெரியாது. தினமும் சாமான் நிறுத்துக்கொண்டே அவர் அவளைப் பற்றிப் பேசியிருக்கிறார். எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தால் நாலு நாளும் நாலு வார்த்தைக்குமேல் பேசாத மனுஷன்.

நாங்கள் இரண்டு பேரும் கடைக்குள்ளே நின்றுகொண்டிருந்தோம். எனக்கு யாரோ எவருடைய சாவுக்கோ அழுவதுபோல் இருந்தது. அவர் புளிக்கூடையில் மொய்த்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் சாவியைச் சொக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு என்னோடு தோணி ஏறினார். பாதிக் கழி தாண்டும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கடைசியா இன்னா சாப்ட்டா?"

"கூழு மாமா."

"தொட்டுக்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

காரியத்திலும் அவர் அழவில்லை. ஊர்ப் பெண்கள் அதைக் குறையாகப் பேசினார்கள். துறையில் கேட்டதை நான் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினேழாம் நாள் காலையில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இங்கேயே என்னோடு இருந்துவிடச் சொன்னேன்.

"அங்க அவள தெரிஞ்சவங்க கீறாங்க" என்றார்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தார். அன்றைக்குக் களத்தில் போரடிக்கிற வேலை இருந்ததால், பஸ் கிளம்பும்வரை நிற்காமல் நான் போய்விட்டேன்.