காற்று அடைபட்ட பெட்டி

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது என் கணவர் வேகனிலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. காளிகாட் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பல மாதங்கள் மல்லாந்தே கிடக்க வேண்டும் என்றார்கள். டிவி பக்கம் தலையைத் திருப்பினால் கழுத்து வலித்தது. நாளெல்லாம் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அங்கேயே படம் காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முன் நான் டிவி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தவள். உடைந்த லேப்டாப்பின் திரையை உரித்தெடுத்து, பின்னால் விளக்கும் முன்னால் லென்சும் வைத்தால் படம் விழும் என்று தெரியும். எந்த விளக்கு என்பதில்தான் குழப்பம். சாந்தினி சந்தையில் ஒரு விளக்குக் கடைக்காரர், விளம்பரப் பலகைகளுக்குப் போடும் மெட்டல் ஹாலைடு பல்பை முதலில் காட்டினார்.

“வெளிச்சம் கொட்டும், தீதி. ஆனா வெடிச்சாலும் வெடிக்கும்,” என்றார் பாதி வங்காளத்திலும் பாதி இந்தியிலும். பிறகு தபால் தலை அளவில் மஞ்சளாக ஒரு எல்.ஈ.டி.யை எடுத்துவைத்தார். “நூறு வாட். இது வெடிக்காது. சூட்டை மட்டும் உடனுக்குடன் எடுத்துடணும். பின்னாடி அலுமினியத் தகடு, அதுக்கு ஒரு விசிறி. விசிறி நின்னு சூடு ஏறினா கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்சும் கட்டாயம் போடுங்க.”

அந்த ஸ்விட்ச் அன்று அவரிடம் இல்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார். நான் போகவில்லை.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து தகடும் விசிறியும் கழற்றி, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவி எல்.ஈ.டி.யை இறுக்கினேன். ப்ளைவுட் பெட்டியின் ஒரு பக்கம் விசிறி, நடுவே திரை, மேலே லென்ஸ். ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். அந்த வெதுவெதுப்பை நம்பிவிட்டேன். கட்டிலை ஒட்டி முக்காலியில் வைத்து, சீலிங்கில் பழைய கால்பந்து ஆட்டங்களைப் போட்டேன். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் வாய்விட்டுக் கத்தியது ஒரு கோலுக்குத்தான்.

“லேசா ஏதோ வாடை வருதே,” என்றார் ஒரு நாள்.

“புது ப்ளைவுட்டுங்க. போயிடும்.”

துர்கா பூஜை அஷ்டமி காலையில், மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாளோடு தெருமுனைப் பந்தலுக்குப் புஷ்பாஞ்சலி செலுத்தப் போனேன். அவருக்கு ஒரு ஆட்டத்தைப் போட்டுவிட்டு, வழக்கம்போல கதவை வெளியே பூட்டினேன். கால் மணி நேரம் என்று சொன்னது வரிசையில் ஒரு மணி நேரம் ஆனது.

திரும்பிப் படியேறும்போது, மரம் கருகும் வாடை. “என்ன ஆச்சு, பௌமா?” என்று, என்னை மருமகளாகவே அழைக்கும் மாஷிமா பின்னாலிருந்து கேட்டாள். பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன்.

அவருடைய போர்வை நழுவி விசிறியின்மேல் விழுந்திருந்தது. துணியில் சிக்கி விசிறி நின்றுவிட்டது. பெட்டிக்குள் திரை கருக, சீலிங்கில் மைதானத்தின் நடுவே பழுப்பாக ஒரு கறை பரவிக்கொண்டிருந்தது. அதன் ஊடாகவே ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். பிளக்கைப் பிடுங்கினேன். போர்வையை இழுத்தபோது தகட்டில் பட்ட இடம் பொடிந்து கையோடு வந்தது.

“எவ்வளவு நேரமா இப்படி?”

“பாதி ஆட்டத்திலேர்ந்து. புல்லு காஞ்ச மாதிரி தெரிஞ்சுது. அப்புறம்தான் புரிஞ்சுது. போர்வைய இழுத்தேன், என் காலுக்கடியிலயே மாட்டிக்கிச்சு.”

“கூப்பிடலையா?”

“கூப்பிட்டேன். பந்தல்ல மேளச் சத்தம்.” பக்கத்திலிருந்த டம்ளரைக் காட்டினார்: “டம்ளர் கைக்கு எட்டுச்சு. தண்ணிய ஊத்தலாமான்னு பாத்தேன். கரண்டுன்னு விட்டுட்டேன்.” பிறகு கேட்டார், “கதவப் பூட்டிட்டுத்தானே போன?”

“ஆமா.”

மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் கையிலிருந்த பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியைக் குப்பையில் போட எடுத்தேன். அவர் விடவில்லை. பூஜை முடிந்ததும் சாந்தினிக்குப் போய் அந்த ஸ்விட்சை வாங்கி வந்தேன். கருகிய திரைக்குப் பதில் வேறு திரை, விசிறியைச் சுற்றிக் கம்பிவலை, அவர் கைக்கு எட்டும்படி அணைக்கும் பொத்தான். மாஷிமாவிடம் ஒரு சாவி கொடுத்தேன்.

“சோதிச்சுப் பாத்துடலாம்,” என்றார்.

அட்டையை வைத்துக் காற்றை அடைத்தேன். இருவரும் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். வாடை மெல்ல எழுந்தது. பிளக்கை நோக்கி நகர்ந்த என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “இரு.” டக்கென்று ஒரு சத்தம், அறை இருண்டது. அவர் விரல்கள் என் மணிக்கட்டை விடவில்லை.

ஆறியபின் மறுபடி இரண்டு தடவை சோதித்தோம். மூன்று தடவையும் சரியாக அணைந்தது. இருந்தும், கடைக்குக் கிளம்ப நான் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டால் போதும், எவ்வளவு நல்ல ஆட்டமானாலும் பொத்தானை அமுக்கிவிடுகிறார். நான் திரும்பி வரும்வரை வெறும் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.