மூன்று நாள் தீட்டு

அச்சன்கோவில் ஐயப்பன் இருப்பது கேரளத்தில். அவருடைய நகைகள் இருக்கும் புனலூரும் கேரளம்தான். ஆனால் மார்கழி பிறக்கும்போது நகைப்பெட்டி செங்கோட்டை தாண்டி, எங்கள் தென்காசிக்கு வந்து, மலையைச் சுற்றிக்கொண்டுதான் அங்கே போகும். ஊரே தென்காசிக் கோவில் முன்னால் சூடத்தோடு நிற்கும். என் மனைவியும் நிற்பாள், சாமிக்காக மட்டும் இல்லை. பெட்டியோடு வருகிற வேனில் அவள் அண்ணன் வருவார்.

அவள் கொல்லத்துக் கடற்கரைக்காரி. குற்றாலத்தில் சாரல் அடித்தால், "எங்கட கடல் அனுப்பினதாக்கும்" என்று பீற்றிக்கொள்வாள். "மழ ஒங்களுது, அருவி எங்களுதுட்டி" என்பேன். வேன் நிற்கிற கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தங்கையும் ஒரு வருஷத்துப் பேச்சைப் பேசி முடிப்பார்கள். அவர் கொண்டுவந்த முந்திரிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நான் தேமே என்று நிற்பேன்.

போன ஆனியில் அவள் போய்விட்டாள். வீட்டில் பேச ஆளில்லை. டிவியைப் போட்டுவிட்டு அடுக்களையில் நிற்கிறேன். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது.

துக்க வீட்டுக்காரன் வருஷம் திரும்பும்வரை கோவில் பக்கம் போகக்கூடாது. ஆனாலும் இந்த மார்கழியில் பெட்டி வந்த அன்று எதிர்ப்பக்கத்து டீக்கடையில் போய் நின்றேன். எனக்கு மச்சானைப் பார்க்க வேண்டும். கட்டிக்கொடுத்த தங்கை இறந்தால் அண்ணனுக்கு மூன்று நாள் தீட்டுதானே, கட்டாயம் வருவார் என்று நம்பினேன்.

வேன் வந்தது. சூடம் காட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பார்த்தால், இறங்கியவர்களில் அவர் இல்லை. தங்கையோடு உறவும் போயிற்றா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"டீ ஆறுதே அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

அதற்குள் வேனில் வந்த ஒருவர் என்னை விசாரித்துக்கொண்டு வந்து, முந்திரிப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். மச்சான் கொடுத்துவிட்டதாம். நான் விசாரிப்பதற்குள் வேனுக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன்.

"ஏன் மச்சான் வரல? ஒங்களுக்கு மூணு நாளுதான?"

"அது உங்கட கணக்கு, அளியா. இவிட அவள் என்னைக்கும் இந்த வீட்டுப் பெண்ணாக்கும். ஒரு வர்ஷம் ஞான் கோவில்ல கால் வைக்கக்கூடாது."

இத்தனை வருஷமும் அவளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

"பெட்டி நல்லபடி போச்சா?" என்று கேட்டார்.

"தெரியல மச்சான். நானும் பாக்கல."

அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. நான் போனை வைக்கவில்லை.