நூர் முஹம்மது கொடுத்த ரத்தம்

மயிலாப்பூரில் நாங்கள் வேலை பார்த்த லேபில் ஜெயலக்ஷ்மிக்கு 'சந்தேகப் பிராணி' என்று பெயர். பெற்ற தாய் காபி கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பாள். ரசீது போடும் என்னையே நம்ப மாட்டாள். நான் எழுதிய சீட்டை வந்தவரே வாய்விட்டுப் படித்தால்தான் ஊசியைக் கையில் எடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றாறில் ஒரு காலை, துபாய் வேலைக்காக ஹெபடைட்டிஸ் பி என்ற காமாலைக் கிருமிப் பரிசோதனைக்கு ஒருவர் வந்தார். இனாயத், வயது இருபத்தாறு, கோடம்பாக்கத்தில் தையல்காரர் என்று சீட்டை அழகாகவே படித்தார். ரத்தம் எடுத்தாயிற்று. பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த விரல்களையே ஜெயலக்ஷ்மி உற்றுப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு மசகு.

"இந்தக் கையோட தைச்சா துணி பாழாகாதோ?"

மனிதருக்கு வேர்த்துவிட்டது. "மேடம், நான் அவன் அண்ணன், நூர் முஹம்மது. கிண்டில லேத் வேலை. தம்பிக்கு சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்துச்சு. அவன் ரத்தம் கெட்டுப் போய்க்கீதுன்னு சொல்றாங்கோ. விசா பூடுமே மேடம்!"

"தம்பி எங்க?"

எதிர் டீக்கடையில் பதுங்கியிருந்தான். சட்டையைப் பிடிக்காத குறையாக நானே இழுத்துவந்தேன். உங்கள் தில்லுமுல்லுக்கு எங்கள் லேப்தானா கிடைத்தது என்று அண்ணனைத் திட்டித் தீர்த்தேன். ஜெயலக்ஷ்மி அவன் ரத்தத்தையும் எடுத்தாள்.

"என்னுதையும் போட்டுப் பாருங்க மேடம், சொக்கத் தங்கம்" என்றார் அண்ணன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். தம்பிக்கு ஒன்றுமில்லை. சின்ன வயதில் வந்தது வேறு காமாலை, அது அப்போதே போய்விட்டது என்றாள் ஜெயலக்ஷ்மி. கிருமி அண்ணன் ரத்தத்தில் இருந்தது. இவர்கள் நினைத்தபடி நடந்திருந்தால், அண்ணன் ரத்தத்தாலேயே தம்பியின் விசா போயிருக்கும்.

"குழாயை மாத்திட்டீங்களா?" நூர் முஹம்மது அவளை மேலும் கீழும் பார்த்தார்.

அவள் கோபப்படவில்லை. நேற்றே தன் மேலும் சந்தேகப்பட்டு மூன்று தடவை போட்டிருந்தாள். இப்போது புதிதாக ரத்தம் எடுத்து நான்காம் தடவையும் போட்டாள். சாயங்காலம் வரை இருவரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். முடிவு மாறவில்லை.

இனாயத் தேம்பித் தேம்பி அழுதான். அண்ணன் ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ தம்பி போலாம்ல மேடம்?"

அவரைத் திட்டியதற்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவர் போகட்டும்" என்றாள் ஜெயலக்ஷ்மி. "நீங்க உக்காருங்கோ. டாக்டருக்கு லெட்டர் எழுதித் தரேன்."