ராசா குடித்த மிச்சத் தண்ணீர்

என் மாமாவுக்குக் கோபம் வந்தால் கோவளம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். குழம்பில் உப்பு குறைந்தாலே போதும், மாமி அன்றைக்குத் தொலைந்தாள்.

மாமல்லபுரம் கடற்கரையில் வெள்ளைக் குதிரையில் ஆட்களை ஏற்றிச் சுற்றிவருவதுதான் அவர் பிழைப்பு. மாமி அதை ராசா என்று கூப்பிட்டுக் கேரட் ஊட்டுவாள். பள்ளி விடுமுறை என்றால் நான் அங்கேதான் கிடப்பேன். ஒரு விடுமுறையில், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செவலைக் குதிரை ஒன்றை மாமா சென்னையிலிருந்து வாங்கிவந்தார். வந்த வாரமே அதற்கு மூக்கில் சீழ் ஒழுகியது, தாடைக்கடியில் எலுமிச்சம்பழம் போல வீக்கம், ஓயாத இருமல்.

“கண்ணு பட்டுட்ச்சி,” என்றாள் மாமி. தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கிவந்து பக்கெட்டில் கலந்து வைத்தாள். செவலை பாதியிலேயே மூக்கை எடுத்துக்கொண்டது. ஓதிய தண்ணீரைக் கால்படும் இடத்தில் கொட்டலாமா? மீதியை ராசாவுக்கு வைத்தாள். மாமாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ராசா ஒரு சொட்டு விடவில்லை.

செவலையின் வீக்கம் உடைந்து அது தேறிவிட்டது. ராசா படுத்துவிட்டது. வெறும் சளி என்று மாமா கைவைத்தியத்திலேயே நாளைக் கடத்தினார். செங்கல்பட்டிலிருந்து கால்நடை டாக்டர் வந்து சேர்ந்தபோது ராசா விலா தெரியத் திணறிக்கொண்டிருந்தது.

“கிருமி நுரையீரலுக்குப் போயிடுச்சுப்பா. ஊசி போடறேன், ஆனா லேட்டு. ஒண்ணோட மூக்குச்சளி பட்ட தண்ணிய இன்னொண்ணு குடிச்சாலே ஒட்டிக்கும். ரெண்டுத்துக்கும் ஒரே பக்கெட்டா?”

மாமியின் கையில்தான் அந்தப் பக்கெட் இருந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. மாமா அவளைப் பார்த்தார். ஐயோ, கத்தப்போகிறார் என்று நான் செவலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“இன்னா சார் நீங்க, வேற வேற பக்கெட்டு சார். பீச்சுல எத்தினியோ குதிர வருது, எதுங்கிட்டயோ ஒட்டிகினு வந்துகீது,” என்றார் மாமா.

மறுநாள் ராசா செத்துப்போனது. சவுக்குத்தோப்பில் புதைத்துவிட்டு வந்து மாமா சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்பே இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

எனக்கு அவர்மீது ஆத்திரமாக வந்தது. பொய் சொல்வது பாவம் என்று மதரசாவில் அப்போதுதான் படித்திருந்தேன். இவ்வளவு பெரிய ஆள், டாக்டர் திட்டுவாரே என்று பயந்து பொய் சொல்லிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.