பேட்டரியில் பூத்த திருநீறு

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாயி அக்கா இந்தத் தை மாதம்தான், ஐம்பத்திரண்டு வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கொட்டகையில் நிற்கும் காரில் சும்மா உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருப்பார். அப்போது அவர் கண் ஏதோ மலைப்பாதை வளைவில் இருக்கும். வேலியோரம் புல் அறுக்கையில் பார்த்திருக்கிறேன்.

நேற்று அவர் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்ற சத்தத்தோடு சரி, கார் கிளம்பவில்லை.

"உன்ற கை பட்டதும் வண்டி படுத்துக்கிச்சு. இனிமே தொடாத" என்றார் அவர் வீட்டுக்காரர் சின்னுசாமி.

இன்று புதுச்சத்திரத்திலிருந்து பேட்டரிக்காரர் தீனதயாளன் வந்தார். மீட்டர் வைத்துப் பார்த்து, "உசுரே இல்லீங்க, மாத்தோணும்" என்றார். பேட்டரி முனையில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டப் போனார்.

அக்கா பதறினார். "அது திருநீறுங்க. ஆயுத பூஜையப்பவே இருந்துச்சு. வெள்ளிக்கிழமை தவறாமக் கும்பிட்டுட்டு வாரேன்."

தீனதயாளன் சிரித்தார். "ஆசிட் கசிஞ்சு பூத்ததுங்கக்கா. அப்பப் புடிச்சே இதுக்குச் சீக்குதானுங்க."

ஆயுத பூஜை முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் அக்கா ஸ்டியரிங்கைத் தொட்டார். சின்னுசாமி கோழிப் பண்ணைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புது பேட்டரி பொருத்தியதும் அக்கா சாவியைத் திருப்பினார். தூங்கி எழுந்தது போல இன்ஜின் முனகியது. சின்னுசாமி சுற்றி வந்து, பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே கார் மெதுவாக மிதந்து போனது.