பெரிய வியாழன் அன்று கழுவப்பட்ட கால்

என் தோல் பிறவியிலேயே அப்படி. செருப்பு வார் உரசினால் போதும், கொப்புளம் போட்டு உரிந்துவிடும். அப்பாவுக்கும் அதே தோல். காலில் ஆறாத புண்ணோடுதான் செத்தார். பள்ளியைப் பாதியில் விட்டேன். கேரி தீவில் தோட்டக் காவல், டெங்கிலில் லோரி ஓட்டம், கிள்ளானில் சாப்பாட்டுக் கடை. எங்கும் நிலைத்ததில்லை. புண் இல்லாத நாள் எனக்குத் தெரியாது.

அதனால் வலது கணுக்காலில் வந்ததையும் நான் பெரிதாக எடுக்கவில்லை. மற்றவை ஆறின. இது ஆறவில்லை. ஓரம் தடித்தது, நாற்றம் எடுத்தது. கடையில் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையில் படுத்து, "ஆண்டவரே, இந்தப் புண்ணை மூடும்" என்று மன்றாடினேன். மூடவில்லை. செபிப்பதே வீண் என்று தோன்றியது.

போன பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒரு ஆள் குறைந்தது. பங்குக் குழு அண்ணன் ஒருவர் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். எல்லாரும் வலது காலை நீட்டினார்கள். நான் இடது காலை நீட்டினேன்.

"வலது கால் தம்பி," என்றார் பக்கத்தில் இருந்த மேரி ஆன்டி.

"புண்ணு ஆன்டி. அசிங்கமா இருக்கும்."

"நாங்கல்லாம் வீட்டுலயே தேச்சுக் கழுவிட்டு வந்திருக்கோம் லா. ஒரு காலாவது உண்மையிலேயே கழுவ வேண்டியதா இருக்கட்டும். கழட்டு."

காலுறையைக் கழற்றினேன். ஃபாதர் முகம் சுளிக்காமல் தண்ணீர் ஊற்றினார். மேரி ஆன்டியின் சிரிப்புதான் நின்றுவிட்டது. அவர் அரசு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் மிஸ்ஸியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்தார். "இது கொப்புளம் இல்ல. நாளைக்கே ஆஸ்பத்திரி போறோம்."

"நாளைக்குப் பெரிய வெள்ளி ஆன்டி."

"ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு. நீ வா."

சதையை வெட்டிச் சோதித்தார்கள். தோல் புற்றுநோய். இந்தத் தோல் உள்ளவர்களுக்கு, புண்ணும் தழும்புமாகக் கிடக்கும் இடத்தில் அது வருவதுண்டாம். அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பங்கு மக்கள் செபித்தார்கள். வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன்.

மூடும் என்று கேட்டேன். ஆண்டவர் திறந்து காட்டினார். என் செபத்துக்கு அதுதான் பதில். அவருக்கே நன்றி.

இன்னொரு புற்று வரலாம். அதனால் இப்போது ஊர் மாறுவதில்லை. சொன்ன தேதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன். சகோதரர்களே, உங்களிடம் ஆறாத புண் இருந்தால் நம்பிக்கையோடு செபியுங்கள். செபித்துவிட்டு, மறைக்காமல் போய்க் காட்டுங்கள். அங்கேயும் அவர் இருக்கிறார்.